மஞ்சள் விளக்கும் ஒன்பது முடிச்சும்

ஐயோ, மிதிச்சுட்டேனுங்களா? மன்னிச்சுக்கோங்க சார். வேணும்னு மிதிக்கலீங்க. முன்னால அந்த டிராக்டர் குறுக்க வந்துச்சு பாருங்க, இந்த டிரைவர் பிரேக் போடுவாரோ மாட்டாரோன்னு என்ற கால் தானாப் போய் மிதிச்சுருச்சு. எட்டு மாசமா இப்படித்தானுங்க. சினிமாவுக்குப் போனாக்கூட, திரையில காரு வேகமா வந்தா முன் சீட்டுக்காரர எத்திப்போடறேன். ஊட்டுல சாப்பிட உக்காந்தாலும் வலது கால் மேசைக்கடியில பிரேக்கத் தேடுது.

வலிக்கலையே? நல்லதுங்க. இந்தத் தாம்பாளத்தச் சித்த புடிச்சுக்கோங்க, வேட்டிய சரி பண்ணிக்கறேன். சீருங்க. தாய்மாமன் சீரு. பட்டுப் பாவாடை, பழம், தேங்கா, இந்தக் குட்டி டப்பியில தோடு. என்ற தங்கச்சி பொண்ணுக்கு இன்னைக்குக் காது குத்து. பத்தரைக்கு முகூர்த்தம். மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தோணும்? நான் போய் மடியப் போட்டாத்தான் ஆசாரி ஊசியவே எடுப்பாரு.

என்ன, சட்டைப் பையப் பாக்கறீங்க? கார் சாவிதானுங்க. ஆமா, கார் இருக்குது. நல்லாத்தான் ஓடுது. பொறகு ஏன் சீர்த் தட்டத் தூக்கிட்டு பஸ்ல நசுங்கறேன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. சொல்றேன், ஆனா வரிசையாத்தான் சொல்வேன். நீங்க எதுவரைக்கும்? தாராபுரமா? அப்ப நேரம் இருக்குது. பெரிய வாய்க்கால் பாலம் வந்தா மட்டும் ஒரு சத்தம் குடுங்க. அங்க எனக்கு ஒரு சின்ன வேலை இருக்குது.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பொள்ளாச்சியில கயித்துக் கடை. தேங்கா நார்க் கயிறு, நைலான் கயிறு, மாட்டுக்குத் தலக்கயிறு, கெணத்துக்குத் தாம்புக் கயிறு, எல்லாம் கெடைக்கும். பெருமைக்குச் சொல்லலீங்க, நான் போட்ட முடிச்சு அவுந்ததுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து நின்னதில்ல. மாடே அறுத்துட்டு ஓடினாலும் கயிறுதான் அறுந்திருக்கும், முடிச்சு அப்படியே இருக்கும். இத மனசுல வச்சுக்கோங்க.

போன வருசம் ஒரு பழைய காரு வாங்கினேன். வெள்ளக் காரு. வண்டி நம்பரு நாலு நாலு ஒண்ணு ஏழு. வாங்கி மூணு மாசம் ஆகியிருக்கும், என்ற தங்கச்சி ரத்னாவும் மாப்பிள்ளையும் பாப்பாவத் தூக்கிட்டு வந்தாங்க. மாப்பிள்ளை பேரு தண்டபாணி. எருமை வச்சு, பால் ஊத்தறாரு. மொபெட்டுல ரெண்டு பக்கமும் கேனக் கட்டிட்டு விடியறப்பவே போயிருவாரு. பாப்பா பேரு மிருதுளா. கல்யாணம் ஆகி எட்டு வருசம் கழிச்சுப் பொறந்ததுங்க, எத்தன கோயில், எத்தன ஆஸ்பத்திரி... சரி அத விடுங்க.

மேட்டுப்பாளையத்துல அவரு சொந்தத்துல ஒரு கல்யாணம். "மச்சான், பாப்பாவ வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறி எறங்க முடியலீங்க. ஒரு நாளைக்கு உங்க காரு கெடைக்குங்களா?"ன்னு கேட்டாரு. நான் உடனே குடுத்துட்டேன். உடனேன்னா, ஒரு மணி நேரம் யோசிச்சுட்டுக் குடுத்தேன். அவருக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்குது, ரெண்டு வருசம் திருப்பூர்ல கம்பெனி வண்டி ஓட்டியிருக்காரு. இருந்தாலும் எருமை ஓட்டின கையி பாருங்க. எனக்குப் பயம்.

அதனால ஒரு பாதுகாப்பு பண்ணினேன். அம்மன் கோயில்ல வண்டிக்குன்னு தாயத்து மந்திரிச்சுத் தருவாங்க. செப்புத் தாயத்து. பூசாரி ஆணியால அதுமேல வண்டி நம்பர் கீறித் தருவாரு, அப்பத்தான் அம்மனுக்கு எந்த வண்டின்னு தெரியுமாம். அத ஒரு கறுப்புக் கயித்துல கோத்து, விடியக்காலம் அவிய எந்திரிக்கறதுக்கு முன்னால, முன் சக்கரத்துக்கு உள்ளாற கைய உட்டுக் கட்டினேன். பம்பர்ல கட்டுனா மாப்பிள்ளை பாப்பாரு, என்னய நம்பலையான்னு வருத்தப்படுவாரு. அவரு மனசு நோகக் கூடாதுன்னு அவ்வளவு பாத்தேனுங்க அன்னைக்கு.

எங்க கட்டினேன்னா, சக்கரத்துக்குப் பின்னால மெல்லிசா ஒரு கறுப்பு வயர் தொங்குச்சு. பக்கத்துலயே ஒரு இரும்புத் தண்டு. ஏதோ கட்டறதுக்குன்னே வச்ச மாதிரி இருந்துச்சு. வயர்ல மட்டும் கட்டினா ஆடும். அதனால ரெண்டையும் சேத்து இழுத்து, ஒன்பது முடிச்சு போட்டேன். என்ற முடிச்சு.

பொழுதோட திரும்பி வந்தாங்க. அன்னைக்குன்னு பாத்து எங்க கடைக் குடோனுக்குப் பூசை போட்டு, ஒறம்பரை, சொந்தபந்தம்னு பதினஞ்சு பேரு வாசல்ல சேர் போட்டு உக்காந்திருந்தாங்க. மாப்பிள்ளை சாவியக் குடுத்துட்டு, மெதுவா, "மச்சான், பொள்ளாச்சி எல்லை தாண்டறதுக்குள்ளயே ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சுதுங்க. பிரேக் நல்லாத்தான் புடிக்குது. இருந்தாலும் பாத்து ஓட்டிட்டு வந்தேன்"ன்னாரு. நான் ஓடிப்போய் சாவியப் போட்டுப் பாத்தேன். மீட்டர்ல ஒரு வட்டம், அதுக்குள்ள ஏபிஎஸ்னு மூணு இங்கிலீசு எழுத்து, மஞ்சக் கலர்ல என்னையே பாத்துட்டு எரியுது.

எனக்கு என்ன தெரியுமுங்க? பிரேக் போயிருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அவரு என்ன பண்ணினாரு தெரியுமா? என்ற தோளத் தொட்டு, "மச்சான், ஒரு நிமிசம் அக்கட்ட வாங்க, தனியா ஒரு விசயம் சொல்லோணும்"ன்னாரு. பாருங்க எகத்தாளத்த! வண்டியக் கெடுத்துட்டு தனியா வேற பேசோணுமாம். நான் விடுவனா? "எதுன்னாலும் சபையிலயே சொல்லுங்க மாப்ள"ன்னு சத்தமாச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவரு என்னப் பாத்தாரு, ஒறம்பரையப் பாத்தாரு, அப்பறம் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "ஒண்ணுமில்லீங்க மச்சான். என் கையில இருக்கறப்ப வந்ததுதானுங்களே"ன்னாரு. ஒத்துக்கிட்டாருங்க! பதினஞ்சு பேருக்கு முன்னால ஒத்துக்கிட்டாரு.

ஒத்துக்கிட்டவர விட்டிருக்கலாம். நான் விடல. "எருமை ஓட்டறவன் கையில காரக் குடுத்தா இப்படித்தான் ஆகும்"னுட்டேன்.

ரத்னா பாப்பாவத் தூக்கி இடுப்புல வச்சா. இலை போட்டு வச்சிருந்துச்சு, சாப்பிடாமப் போயிட்டாங்க. கடைசி பஸ்ஸுக்கு நடந்தே போனாங்க. நானும் கூப்பிடல. எனக்கும் ரோசம் இருக்குமில்லீங்க? யாரு வண்டி கெட்டுச்சு?

அதுலருந்து எட்டு மாசம் பேச்சு இல்ல.

இந்த எட்டு மாசம் நான் பட்ட பாடு இருக்குதே. கார எடுத்தா அந்த மஞ்ச லைட்டு. பிரேக் இல்லாத வண்டின்னு நெனச்சுக்கிட்டு பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போக மாட்டேன். நாலு பக்கமும் ஹாரன். ஒரு நாளு உடுமலை ரோட்டுல ஒரு சாவு ஊர்கோலம் எங்களத் தாண்டிப் போச்சுங்க. தாண்டறப்ப பறையடிக்கறவரு ஜன்னல்ல குனிஞ்சு, "வண்டி கோளாறுங்களா? தள்ளோணுமா?"ன்னு கேக்கறாரு. பக்கத்துல உக்காந்திருந்த என்ற ஊட்டுக்காரி கோமதி முந்தானைய எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா.

எதெல்லாம் பண்ணினேன்னு கேளுங்க. பேட்டரியக் கழட்டி மாட்டினேன். சூடம் சுத்தினேன். மீட்டரத் தட்டினேன், மொதல்ல விரல்ல, அப்பறம் செருப்புல. வண்டியோட வந்த புத்தகம் ஒண்ணு முன்னால டப்பாவுல இருந்துச்சு, பிளாஸ்டிக் உறை பிரிக்காம, அதுமேல பதினோரு கோயில் விபூதிப் பொட்டலம். புத்தகத்தையும் தொட்டுக் கும்பிட்டேனுங்க. பிரிச்சுப் படிக்கோணும்னு மட்டும் தோணல.

நான் லைட்டையே பாத்துட்டு ஓட்டறதப் பாத்துப் பாத்து கோமதிக்குப் பொறுமை போயிருச்சு. ஒரு நாளு, "ஏனுங்க, ரோட்டப் பாத்து ஓட்டுங்க, அந்த லைட்டயா கட்டிக்கிட்டீங்க?"ன்னு சொல்லிட்டு, அவ நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்ட எடுத்து, மீட்டர் கண்ணாடியில லைட்டு மேலயே ஒட்டிட்டா. மெரூன் கலர் பொட்டு. அச்சா மூடிருச்சு. "இனி எரியட்டும்"ன்னா.

சொன்னா சிரிப்பீங்க. பொட்டு ஒட்டினதும் எனக்கு பயமே போயிருச்சு. கண்ணுக்குத் தெரியலைன்னா கோளாறு இல்லைன்னு மனசு நம்பிருச்சு. பதினஞ்சு முப்பதாச்சு, முப்பது அறுபதாச்சு. பாட்டு வேற போட ஆரம்பிச்சேன்.

இதுக்கு நடுவுல ரத்னா ஊட்டுல காது குத்துக்கு நாள் பாத்தாங்க. அழைக்க அவளே வந்தா. "வந்து மடியில வச்சுக்கோங்கண்ணா"ன்னு வாசல்லயே நின்னு கேட்டா. "உன்ற ஊட்டுக்காரரு வந்து, வண்டியக் கெடுத்தது நான்தான்னு இன்னொருக்கா சபையில சொல்லட்டும், வாரேன்"ன்னேன். நாளத் தள்ளிப் போட்டாங்க. ரெண்டாவது நாளும் வந்துச்சு, நான் அசையல. பெரியப்பா பையன் ஒருத்தன் இருக்கான், அவனும் மாமன் முறைதான், அவன் மடியில வச்சுக் குத்தீரலாம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. மாப்பிள்ளை முடியாதுன்னுட்டாராம். "கூடப் பொறந்த மாமன் உயிரோட இருக்கறப்ப வேற மடி எதுக்கு? அவரு வர்றப்ப குத்திக்கலாம், காது எங்கயும் போயிராது"ன்னாராம். பாப்பாவுக்கு மூணு வயசு நெருங்குது, காது வெறுங்காதா இருக்குது. கேக்கறவங்களுக்கெல்லாம் ரத்னா என்ன பதில் சொன்னாளோ.

எனக்கும் உள்ளுக்குள்ள அரிச்சுச்சுங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா எப்படிப் போறது? கெடுத்தவரு அவரு.

இப்பத்தான் மயிலு வருது.

போன மாசம், காலையில ஏழு மணி. சாரல் மழை. ஆனைமலை ரோட்டுல நார் மில்லுக்குச் சரக்குப் பாக்கப் போறேன். அறுபதுல போயிட்டிருக்கேன். தோப்புக்குள்ளருந்து ஒரு மயிலு ரோட்டுல எறங்கி, நட்ட நடுவுல நின்னு, மெதுவாத் திரும்பி என்னப் பாக்குது. ஓடிப் போவோம்னு அதுக்குத் தோணவே இல்லீங்க. நான் பிரேக்க ஓங்கி மிதிச்சேன். பிரேக் புடிச்சுதுங்க, புடிக்கலைன்னு சொல்ல மாட்டேன். நெம்பப் புடிச்சுது. நாலு சக்கரமும் கல்லு மாதிரி நின்னுருச்சு. ஆனா வண்டி நிக்கல. சறுக்கிட்டே போகுது. ஸ்டியரிங்க இடது பக்கம் ஒடிக்கறேன், வண்டி அது பாட்டுக்கு நேராப் போகுது. எனக்கும் அந்த ஸ்டியரிங்குக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. மயிலு கடைசி நொடியில பறந்துருச்சு. நான் ரோட்டோரம் நார்த் தூள் கொட்டிக் காய வச்சிருந்த மலைக்குள்ளாற போய்ச் சொருகிட்டேன்.

அடி ஒண்ணும் இல்ல. கண்ணாடி வரைக்கும் தூளு. உள்ள ஒரே இருட்டு. பாட்டு மட்டும் ஓடிட்டு இருக்குது. அந்த இருட்டுல பாருங்க சார், பொட்டோட ஓரத்துல மஞ்சளா ஒரு வளையம் தெரியுது. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. அந்தத் தூள் மலை இருந்த எடத்துல ஒரு பாட்டில் பால் வாங்கப் போற பொம்பள நின்னிருந்தா? ஒரு கொழந்த நின்னிருந்தா? அழுதுட்டேனுங்க. வெளியில சொல்லிக்கல.

மில்லு ஆளுங்கதான் இழுத்து வெளியில போட்டாங்க. நேரா ரெஜினாக்கா கடைக்குக் கொண்டு போனேன். பாலக்காடு ரோட்டுல கார் கரண்டு வேலை பண்றவங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுட்டுத்தான் பேசுவாங்க. பொம்பள கிட்ட காரக் குடுக்கறதான்னு யோசிச்சேன். யோசிச்சத அவங்க கண்டுபுடிச்சுட்டாங்க. "யோசிங்க, யோசிச்சு முடிச்சதும் சாவியக் குடுங்க"ன்னாங்க.

மொதல்ல பொட்ட உரிச்சாங்க. "இது எந்தக் கம்பெனி பார்ட்டு?"ன்னு கேட்டாங்க.

அப்பறம் சொன்னாங்க. "அண்ணா, சாவி போட்டதும் இந்த லைட்டு ரெண்டு மூணு நொடி எரிஞ்சு அணையும். அது வண்டி தன்னையே சோதிச்சுக்கறது. அணையாம எரிஞ்சாத்தான் கோளாறு. மஞ்சள் மட்டும் எரிஞ்சா சாதா பிரேக் இருக்கும், பாத்து ஓட்டி வந்து காட்டலாம். கூடவே செவப்பு பிரேக் லைட்டும் எரிஞ்சா அங்கயே ஓரங்கட்டி நிறுத்திரோணும். இவ்வளவுதான். உங்க புத்தகத்துலயே இருக்குது"ன்னு விபூதிப் பொட்டலத்தையெல்லாம் நகத்திட்டு, உறையக் கிழிச்சு, பக்கத்தக் காட்டினாங்க. நாலே வரி. மாசக்கணக்கா பதினஞ்சுல ஓட்டினேனுங்க, நாலு வரிக்கு.

"அப்ப நான் ஏன் தூளுக்குள்ள போனேன்?"னு கேட்டேன்.

"சாதா பிரேக்க ஓங்கி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கும். சக்கரம் சுத்தினாத்தான் வண்டி திரும்பும். பூட்டின சக்கரம் சறுக்கத்தான் செய்யும். இந்த ஏபிஎஸ் இருக்குதே, அது சக்கரம் பூட்டப் போகுதுன்னு தெரிஞ்சா பிரேக்க விட்டு விட்டுப் புடிக்கும். நொடிக்குப் பல தடவ. அதுக்கு ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு சென்சார் வச்சிருக்காங்க. நான் இவ்வளவு வேகத்துல சுத்தறேன்னு நாலும் சொல்லிட்டே இருக்கோணும். ஒண்ணு பேச்ச நிறுத்திருச்சுன்னு வைங்க, ஏபிஎஸ் பெட்டிக்கு நம்பிக்கை போயிரும். மொத்தமா ஒதுங்கிக்கும். அப்படி ஒதுங்கிட்டதத்தான் லைட்டு சொல்லுது"ன்னாங்க.

ஒருத்தர் பேச்ச நிறுத்தினதுக்கு மொத்தமா ஒதுங்கறதான்னு எனக்குக் கோவமா வந்துச்சு. அவங்க வேற அதச் சொல்றப்ப என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு.

ஒரு கருவிய மாட்டிப் பாத்தாங்க. முன் இடது சக்கரம்னு காட்டுச்சு. வண்டியத் தூக்கினாங்க. டார்ச் அடிச்சாங்க. அப்பறம், "அண்ணா, இங்க வாங்க"ன்னாங்க. குனிஞ்சு பாத்தேன். அந்த மெல்லிசு வயர் ரெண்டாப் பிஞ்சு தொங்குது. பிஞ்ச எடத்துல ஒரு கறுப்புக் கயிறு. கயித்துல ஒன்பது முடிச்சு. ஒண்ணுகூட அவுழலீங்க.

"சென்சார் வயரையும் சுத்தற தண்டையும் சேத்து எவனோ கட்டியிருக்கான். வண்டி நகந்ததும் தண்டு கயித்தச் சுத்தி, வயர இழுத்துப் பிச்சிருச்சு. எந்தப் புத்திசாலி இது?"ன்னாங்க.

தண்டு சுத்தும்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நான் கட்டறப்ப வண்டி நின்னுட்டு இருந்துச்சு, தண்டும் நின்னுட்டுத்தானே இருந்துச்சு? நியாயத்தச் சொல்லுங்க.

ஆனா அவங்ககிட்ட, "எலி வேலையா இருக்குமுங்க"ன்னேன். ரெஜினாக்கா கண்ணாடிய எறக்கிப் போட்டு என்னப் பாத்தாங்க. "முடிச்சு போடற எலியா?"ன்னாங்க. "கொஞ்சம் பெரிய எலிதான்"னும் சேத்துக்கிட்டாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. "கயிறு பாதிதான் இருக்குது. மிச்சத்த யாரோ கத்தியில நறுக்கி எடுத்திருக்காங்க. நறுக்காம விட்டிருந்தா மத்ததெல்லாமும் சுத்திப் புடிச்சிருக்கும்"னாங்க. எனக்கு அது புரியலீங்க. யாரு போய் அங்க கத்தி வைக்கப் போறா? சூட்டுல அறுந்திருக்கும். தாயத்தும் எங்கயோ விழுந்துருச்சு, பாவம்.

புது சென்சார் மாட்டினாங்க. லைட்டு எரிஞ்சு, ரெண்டு நொடியில அணைஞ்சுது. எரிஞ்சுட்டு இருந்த வரைக்கும் குத்தம் மாப்பிள்ளை மேல இருந்துச்சு பாருங்க. அணைஞ்சதும் அது எறங்கி எங்க போவும்?

இப்பத் தெரியுதுங்களா ஏன் பஸ்ல வாரேன்னு? கார எடுத்துட்டுப் போனா மாப்பிள்ளை எட்டிப் பாப்பாரு. "லைட்டு அணைஞ்சுருச்சே மச்சான், என்னவாம் கோளாறு?"ன்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது? கோமதி கிட்ட எலின்னு சொல்லியாச்சு. அவ நேத்தே ஒத்தாசைக்குப் போயிட்டா. நான் என்ன முடிவு பண்ணினேன்னா, பெருந்தன்மையா மன்னிச்சுட்டேன்னு போய் நின்னுருவேன். மாமன் மன்னிச்சுட்டான், மாமன் மடியப் போட்டான், காது குத்தியாச்சு. சுபம். இந்தக் கயித்தத்தான் வாய்க்கால்ல போட்டுரலாம்னு எடுத்துட்டு வந்தேன். பாருங்க, ஒன்பது முடிச்சு. ரெஜினாக்கா "எலியோடது, பத்திரமா வச்சுக்கோங்க"ன்னு என்ற கையிலயே குடுத்துட்டாங்க.

என்னது, பாலம் போயிருச்சா? எப்போ? அடடா, சொல்லச் சொன்னேனே சார்! நீங்களும் கதையில உக்காந்துட்டீங்களா. சரி போகட்டும், வேற வாய்க்கால் வரும்.

பாப்பாவப் பாக்கறீங்களா? காலையில ரத்னா போட்டோ அனுப்பியிருக்கா. இந்தாங்க. என்ற அம்மா மூக்கு அப்படியே. பூ வச்சு, பவுடர் போட்டு... கழுத்துல ஒரு செப்புத் தாயத்து கட்டியிருக்காங்க பாருங்க, எங்க அம்மன் கோயில் தாயத்து மாதிரியே இருக்குது. அங்கதான் வாங்கியிருப்பாங்க போல. என்னங்க, எதுக்குப் பெருசு பண்ணிப் பாக்கறீங்க? எழுத்தா? என்ன எழுத்து? நமக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாதுங்க, நீங்களே படிங்க.

நாலு.

நாலு.

ஒண்ணு... ஏழு.

இருங்க. இருங்க சார். ரத்னாவக் கூப்பிடறேன்.

அலோ, ரத்னா, அண்ணன் பேசறேன். பஸ்லதான், வந்துட்டிருக்கேன். பாப்பா கழுத்துல அந்தத் தாயத்து ஏது கண்ணு? ...நானா? நான் குடுத்ததா? எப்போ? ...ம். ...ம். ...சரி கண்ணு. இல்ல, ஒண்ணுமில்ல, சளி. வெச்சர்றேன்.

கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு வழியில லைட்டு எரிஞ்சதும், டயரப் பாக்கறேன்னு எறங்கினாராமுங்க. எருமைக்குத் தீவனக் கட்டு அறுக்கற சின்னக் கத்தி எப்பவும் அவரு பையில இருக்கும். திரும்பி ஏறறப்ப கையில இந்தத் தாயத்து இருந்துச்சாம். "மச்சான் பாப்பாவுக்குன்னு குடுத்துவிட்டது, மறந்தே போயிட்டேன்"னு சொல்லி அவரே கட்டிவிட்டாராம். எட்டு மாசமா அவிழ்க்கவே விடலையாம். அவளுக்கு வேற ஒண்ணும் தெரியல.

அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குது. பொள்ளாச்சி எல்லையிலயே தெரிஞ்சிருக்குது. அதைத்தானுங்க தனியாச் சொல்ல வந்தாரு. பதினஞ்சு பேருக்கு முன்னால என்ற மானத்தக் காப்பாத்தத் தனியாக் கூப்பிட்டாரு. நான் அவர சபையில நிக்க வச்சு... அந்த வார்த்தைய நான் திருப்பிச் சொல்லோணுமா சார்? வேண்டாம். அத வாங்கிட்டுத் தலையக் குனிஞ்சாரே, அது எனக்காகக் குனிஞ்சது. அவரு ஒத்துக்கிட்டாருன்னு நான் உங்ககிட்டயே கை தட்டாத குறையாச் சொன்னேன்.

ரோடு பிரியற எடம் வந்துருச்சு. அந்தப் புளியமரம்தான் ஸ்டாப்பு. அதா, மொபெட்டு. கேனெல்லாம் கழட்டிட்டு, தொடச்சு, சந்தனம் வச்சு நிறுத்தியிருக்காரு. முன்னால நிக்குது பாருங்க, பாப்பா. மாமா மாமான்னு கத்தறா, என்னய எப்படி ஞாபகம் வச்சிருக்கா? எட்டு மாசமாச் சொல்லிக் குடுத்திருப்பாரு. அவரு என்னங்க பண்றாரு? சிரிக்கறாரு. ஐயோ, அவரு சிரிக்கறாருங்க சார்.

சரி. சபையில சொன்னத சபையிலதான் எடுக்கோணும். ஆசாரி ஊசிய எடுக்கறதுக்கு முன்னால இந்தக் கயித்த எல்லாரும் பாக்கப் புடிச்சுட்டுச் சொல்லீர்றேன், எலி நான்தான்னு. கோமதி இருக்கா, அவ எட்டு மாசத்துக்கும் சேத்துத் திட்டுவா. திட்டட்டும். மிச்சத்த மாப்பிள்ளை பாத்துக்குவாரு.

கண்டக்டர், ஒருத்தர் எறக்கமுங்க! சித்த இருங்க, விசில் ஊதாதீங்க. தட்டக் குடுங்க சார். ரொம்ப நேரம் புடிச்சிருந்தீங்க, கை வலிக்குமே. வர்றேனுங்க.

என்னது? கால எடுக்கோணுமா? எந்தக் கால... ஐயோ! மயிலு வந்ததுலருந்து உங்க கால மிதிச்சுட்டேதான் இருக்கனா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?

இந்தா, எடுத்துட்டேனுங்க. எடுத்துட்டேன்.